ஆன்லைனில் தங்க நகை: பணம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

தங்கத்தில் ஒரு வசதி உண்டு. இன்றைக்கு ஒரு கிராம் என்ன விலை என்பது காலையிலேயே டிவியில், பேப்பரில், போனில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சென்னையில் சில நாட்கள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று மாறினாலும் அதுவும் உடனே தெரிந்துவிடும். பட்டுப்புடவைக்குக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. தங்கத்தில் எடையும் காரட்டும் தெரிந்துவிட்டால், அந்த நகையில் இருக்கும் தங்கம் எவ்வளவு பெறும் என்பதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். ஆன்லைனில் நகை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: நீங்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படுவீர்கள், கணக்குப் போட மாட்டீர்கள்.

முதன்முதலாகப் போனில் நகை வாங்கப் போகிறவர்களுக்காக, எதற்கு அப்புறம் எதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். எல்லாம் இந்தியாவில் உள்ள விதிகளை வைத்து.

முதலில் எடை, அப்புறம்தான் படம்

நகைக்குக் கீழே எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். "மொத்த எடை" மட்டும் போதாது, "நிகர எடை" வேண்டும். மொத்த எடையில் கல், முத்து, எனாமல் எல்லாம் சேர்ந்திருக்கும். நிகர எடைதான் தங்கத்தின் எடை. 12 கிராம் என்று போட்டிருக்கும் கல் நெக்லஸில் 2 கிராம் கல் என்றால், 10 கிராமுக்குத்தான் தங்க விலை கொடுக்க வேண்டும். கல்லுக்குத் தனி விலை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத கடையில், கேட்டும் சொல்லாத கடையில், மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

இப்போது கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). ஒரு பவுன், அதாவது 8 கிராம் செயின். தங்கத்துக்கு 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. ஆக 89,600. இதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,688. ஹால்மார்க் கட்டணம் (தூய்மையைச் சோதித்து முத்திரை போடுவதற்கு) ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும். மொத்தம் 92,300 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். சேதாரம் கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும், அதனால் இறுதித் தொகை முன்னே பின்னே இருக்கும். ஆனால் அந்த முதல் 80,000 மாறாது.

அந்த எண்தான் உங்கள் அடிக்கோடு. யாராவது அதே ஒரு பவுன் செயினை 45,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால், அது தங்கமாக இருக்க வாய்ப்பே இல்லை. நிஜமான தங்கம் கையில் இருக்கிற ஆள் அதை எந்த நகைக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஏறக்குறைய அன்றைய விலை கிடைக்கும்போது, உங்களைத் தேடி வந்து பாதி விலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கு அவர்கள் கதை வைத்திருப்பார்கள். துபாயிலிருந்து நேரடியாக வருகிறது, கஸ்டம்ஸில் பிடித்த தங்கம் ஏலத்துக்கு வந்திருக்கிறது, மூன்று தலைமுறைக் கடையை மூடுகிறோம், அடகில் மூழ்கிப்போன நகை. எந்தக் கதையும் கேட்க உருக்கமாகத்தான் இருக்கும், அதிலும் வயதான பெரியவர் ஒருவர் கண் கலங்கிக் கடையை மூடுவதாகச் சொல்லும் வீடியோக்கள் இப்போது செயற்கை நுண்ணறிவில் சுலபமாகச் செய்துவிடக்கூடியவை. கதையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள்.

அப்படியானால் தள்ளுபடி என்பதே பொய்யா என்றால், இல்லை. செய்கூலியிலும் சேதாரத்திலும் கடைக்காரருக்கு லாபம் இருக்கிறது, அதில் பாதியைக் குறைக்கிறேன் என்றால் அது நம்பக்கூடிய பேச்சு. தங்கத்தின் விலையிலேயே 40 சதவீதம், 50 சதவீதம் குறைக்கிறேன் என்பது நம்பக்கூடிய பேச்சு இல்லை.

காரட்டையும் கவனியுங்கள். ஆன்லைனில் விற்கும் வைர நகைகளும் மெல்லிய டிசைன்களும் பெரும்பாலும் 18 அல்லது 14 காரட். அதில் தப்பில்லை, ஆனால் விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். 18 காரட்டில் 750 பங்கு. 14 காரட்டில் 585. அதே 10,000 ரூபாய்க் கணக்கில் 18 காரட் கிராமுக்குச் சுமார் 8,200 ரூபாய்தான் பெறும். 22 காரட் விலையைப் போட்டு 18 காரட்டை விற்கிறார்களா என்று பார்க்க இந்த ஒரு பெருக்கல் போதும்.

விளம்பரத்தை எழுத்தெண்ணிப் படியுங்கள்

நிறைய பேர் ஏமாறுவது முழுப் பொய்யில் இல்லை, பாதி உண்மையில். ஒரு விற்பனைப் பக்கத்தின் தலைப்பு இப்படி இருக்கும்: "22 காரட் கோல்டு பினிஷ் பிரீமியம் மைக்ரோ பிளேட்டட் முகப்புச் செயின், 916 லுக், 6 மாத கேரண்டி". இதில் ஒரு வார்த்தைகூடச் சட்டப்படி பொய் இல்லை. பினிஷ், பிளேட்டட், லுக் என்று மூன்று இடத்தில் அவர்களே இது தங்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாம் 22 காரட்டையும் 916-ஐயும் மட்டும் படிக்கிறோம். "ஒன் கிராம் கோல்டு" என்பதும் முலாம் பூசிய நகைதான், உள்ளே இருப்பது வேறு உலோகம். ஆறு மாத கேரண்டி என்ற சொல்லே போதும்: தங்கத்துக்கு நிறம் மங்காது என்று யாரும் கேரண்டி அட்டை கொடுப்பதில்லை.

கவரிங் நகை வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. சிதம்பரம் கவரிங், ஐம்பொன் என்று கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர், சில நூறு ரூபாய்க்கு அழகாகவே இருக்கும். கவரிங்கைக் கவரிங் விலைக்கு வாங்கினால் வியாபாரம். அதைத் தங்கம் போலக் காட்டி 8,000, 10,000 என்று விற்பதுதான் மோசடி.

"கேடிஎம்" என்று போட்டிருந்தால் அதை ஒரு தரச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்மியம் கலந்து பற்றவைக்கும் முறைக்கு வழங்கி வந்த பெயர் அது. ஹால்மார்க்குக்கு அது மாற்று ஆகாது.

கடை நிஜமாகவே இருக்கிறதா

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறது, அதனால் பாதுகாப்பான தளம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தட்டச்சு செய்வது வழியில் யாருக்கும் தெரியாமல் போகிறது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் இடத்தில் இருப்பது திருடனா வியாபாரியா என்று அது சொல்லாது. பெரிய நகைக்கடைகளின் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டி, ஒரு கோடு போட்டு, "ஆஃபர்" என்று பின்னால் சேர்த்துப் போலித் தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போக வேண்டாம். கடையின் ஆப் அல்லது முகவரியை நீங்களே தேடி, நிதானமாக எழுத்துக் கூட்டிப் பார்த்துப் போங்கள்.

தெரியாத கடை என்றால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். 15 எழுத்தும் எண்ணும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்தும் கடைக்காரரின் பான் எண். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதி இருக்கிறது, அங்கே இந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள், எந்த ஊர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். லாகின் எதுவும் தேவையில்லை. கோயம்புத்தூரில் 1970 முதல் கடை நடத்துகிறோம் என்கிறவரின் எண் 27-இல் ஆரம்பித்து, போன மாதம் பதிவானதாக இருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். எண்ணே தரமாட்டேன், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்றால் அதுவும் பதில்தான்.

இன்னொரு தந்திரம், நல்ல கடையின் ஜிஎஸ்டி எண்ணை எடுத்துப் போலித் தளத்தில் போட்டுக்கொள்வது. அதனால் எண் சரியாக இருந்தாலும், அந்தக் கடையின் போன் நம்பரை வேறு வழியில் கண்டுபிடித்து ஒரு தடவை கூப்பிட்டு, "இந்தத் தளம் உங்களுடையதுதானா" என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, பல ஆயிரம் ரூபாய் விஷயம்.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, ஆன்லைனில் விற்கிறவர்கள் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர், தொடர்பு விவரம் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும். பக்கத்தின் அடியில் போய்ப் பாருங்கள். ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் யோசியுங்கள்.

ஆறு எழுத்து எண்: இதுதான் உங்கள் பிடி

2021 ஜூலை முதல் தங்க நகை ஹால்மார்க்கில் மூன்று அடையாளம்தான். முக்கோண வடிவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சின்னம். காரட்டும் தூய்மையும் சேர்ந்த 22கே916 போன்ற குறி. அப்புறம் எச்யூஐடி எனப்படும் ஆறு இலக்க எண், எழுத்தும் எண்ணும் கலந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் ஒரு எண், ஒரு எண் இன்னொரு நகைக்கு வராது.

போனில் பிஐஎஸ் கேர் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் எச்யூஐடியைச் சரிபார்க்கும் இடம் இருக்கிறது. எண்ணைப் போட்டதும் எந்த நகைக்கடைக்காரர் பெயரில் பதிவானது, எந்த மையத்தில் சோதித்தார்கள், எத்தனை காரட், என்ன வகை நகை என்று வரும். எல்லோரும் காரட்டைப் பார்த்துவிட்டு ஆப்பை மூடிவிடுகிறார்கள். நகை வகை என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பது வளையல், ஆப்பில் "மோதிரம்" என்று வந்தால், யாருடைய மோதிரத்தின் எண்ணையோ எடுத்து உங்கள் வளையலில் பொறித்திருக்கிறார்கள். நிஜமான எண்தான், ஆனால் உங்கள் நகையின் எண் இல்லை. விற்பனைப் பக்கத்தில் எச்யூஐடி படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் பணம் கட்டக் கூடாது என்பதும் இதனால்தான். படம் யார் வேண்டுமானாலும் போடலாம். சோதனை, நகை கைக்கு வந்தபின் நகையின் மேலே இருக்கும் எழுத்தில்தான்.

எழுத்து மிகச் சிறியது, வெறும் கண்ணால் படிக்க வராது. மோதிரம் என்றால் உள்வளையத்தில், செயின் என்றால் பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்தில் உள்ள தகட்டில், வளையலில் உள்பக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் நகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள், அல்லது 10 மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 0-வும் ஓவும், 8-ம் பியும் குழம்பும். ஆப் "கிடைக்கவில்லை" என்று சொன்னால் இன்னொரு தடவை படித்துப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்கள்.

ஆப்பில் வரும் கடைப் பெயர் நீங்கள் வாங்கிய பிராண்டின் பெயராக இல்லாமல் இருக்கலாம். உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். கம்பெனியின் சட்டப்படியான பெயர் வேறாக இருக்கும், அல்லது மொத்தமாகச் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் பெயரில் ஹால்மார்க் ஆகியிருக்கும். கடையில் கேளுங்கள், நேரான கடைக்காரர் நேராகப் பதில் சொல்வார்.

சில விலக்குகளும் உண்டு. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தைகளுக்கான சின்னத் தோடு எல்லாம் இதில் வந்துவிடும். குந்தன், போல்கி, ஜடாவ் எனப்படும் கல் பதித்த பாரம்பரிய நகைகளுக்கும், தங்கக் காசுக்கும் கட்டாயமில்லை. என் அபிப்பிராயம்: இந்த வகைகளை ஆன்லைனில் தெரியாத கடையில் வாங்கவே வேண்டாம். சரிபார்க்க வழி இல்லாத இடத்தில்தான் ஏமாற்ற வழி அதிகம். காசு என்றால் வங்கியோ, காசு அடிக்கும் பெயர் பெற்ற நிறுவனமோ (மின்ட்) சீல் வைத்து, வரிசை எண் போட்டுத் தரும் அட்டையோடு வாங்குங்கள், அட்டையைப் பிரிக்காமல் வையுங்கள். வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் எச்யூஐடி முறை வந்திருக்கிறது, ஆனால் கடைக்காரரின் விருப்பம்தான், கட்டாயமாகவில்லை. கொலுசு, குத்துவிளக்கு வாங்கும்போது அந்த எண் உள்ளதையே கேட்டு வாங்கலாம்.

பணம் கட்டும் இடம்

"புக் பண்ண 2,000 மட்டும் ஜிபேயில் போட்டுவிடுங்கள்" என்று ஒரு நம்பர் வரும். போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பார்த்த பெயருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் யாரோ தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வரவில்லை என்றால் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் ஒரு முறை இருக்கிறது. யுபிஐயில் நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது அதைவிடக் கடினம்.

வீட்டுக்கு வந்ததும் பணம் கொடுப்பது பாதுகாப்பு என்று நினைப்போம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், உள்ளே கவரிங் இருக்கும், கூரியர்காரருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிரித்துப் பார்த்து வாங்கும் டெலிவரி இருந்தால் மட்டுமே இதில் அர்த்தம்.

பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, வரி கட்டினால்தான் விடுவார்கள் என்று போன் வந்தால் கட்டாதீர்கள். பணம் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் வேண்டியதே இல்லை, பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) எதையும் திறக்க வேண்டாம். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடாதீர்கள், போலி நம்பர்கள் அங்கே காத்திருக்கின்றன. ஆப்புக்குள்ளே, பில்லில் இருக்கும் நம்பர் மட்டும்.

பார்சல் வந்ததும்

ஒட்டியிருக்கும் டேப், முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோவை ஆரம்பித்து, நிறுத்தாமல், பெட்டியைப் பிரித்து, நகையை வெளியே எடுத்து, சின்னத் தராசில் வைத்து எடை தெரியும் வரை எடுங்கள். நடுவில் வெட்டினால் அந்த வீடியோவுக்கு மதிப்பில்லை. 0.01 கிராம் வரை காட்டும் கைத்தராசு சில நூறு ரூபாய்தான். எடை, பில்லில் உள்ள மொத்த எடையோடு ஒத்துப்போக வேண்டும்.

பில்லில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, காரட், தூய்மை, ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. "கோல்டு செயின் 1, ரூ. 92,000" என்று ஒரே வரியில் வந்தால் அன்றைக்கே சரியான பில் கேளுங்கள். இந்தப் பில் இல்லாமல் பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களும் தங்கள் நகையைச் சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகை வரை 200 ரூபாய் என்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஹால்மார்க் போட்ட நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. கடைக்காரரிடம் இதைச் சொல்லிக் கேட்டாலே பேச்சின் தோரணை மாறும்.

வைரம் என்றால்

"அமெரிக்கன் டைமண்ட்", "ஏடி கல்" என்பது வைரமில்லை, சிர்கோனியா என்ற செயற்கைக் கல். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற கல்லும் வைரமில்லை, ஆனால் வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரண டெஸ்டர் அதை வைரம் என்றே காட்டும், எனவே டெஸ்டர் வீடியோவை நம்பி வாங்காதீர்கள். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகத்தின் சான்று எண்ணைக் கேட்டு, அந்த ஆய்வகத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். இயற்கை வைரமா ஆய்வகத்தில் வளர்த்ததா என்பது அதில் இருக்கும். இரண்டும் வைரம்தான், விலையில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதில்தான் நேரம் போகிறது. முதலில் 1930-ஐக் கூப்பிடுங்கள், சைபர் குற்ற உதவி எண். பணம் போன கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் முடக்க முடியும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியலாம். தளம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட்கள், உரையாடல், பணம் அனுப்பிய எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கடை நிஜம், பொருள்தான் சரியில்லை என்றால் வழி வேறு. கடையின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். ஹால்மார்க் தொடர்பான புகாரைப் பிஐஎஸ் கேர் ஆப்பிலேயே போடலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை மும்பையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

புகார் கொடுத்த சில நாளில், போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது கூப்பிடலாம். போலீஸ் என்பார், வக்கீல் என்பார், உங்கள் பெயரும் தொகையும் சரியாகவே சொல்வார். அந்த விவரங்கள் உங்களை ஏமாற்றியவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நம்பரையும் 1930-இல் சொல்லிவிடுங்கள்.